மூளையில்லாத பொம்மைதான் எல்லா யோசனையும் சொன்னது

‘ஆஸ் நாட்டு அற்புத மந்திரவாதி’ நாவலைப் பாடமாக நடத்தும்போது கரும்பலகையில் வழக்கமாக ஒரு கட்டம் போடுவார்கள். இடப்பக்கம் பாத்திரத்தின் பெயர், வலப்பக்கம் அதற்கு இல்லாத பொருள். சோளக்கொல்லைப் பொம்மைக்கு மூளை இல்லை. தகர மரவெட்டிக்கு இதயம் இல்லை. சிங்கத்துக்குத் தைரியம் இல்லை. பிள்ளைகளும் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பரீட்சைக்கு அது போதும், நாவலுக்குப் போதாது.

அந்தக் கட்டத்தில் இருப்பதெல்லாம் அந்த மூவரும் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்டவை. அமெரிக்க எழுத்தாளர் எல். ஃபிராங்க் பாம் 1900இல் வெளியிட்ட இந்த நாவலில், அவர்கள் சொல்வது ஒன்றாகவும் செய்வது வேறொன்றாகவும் இருக்கிறது. எந்த அத்தியாயத்தில் யார் என்ன செய்தார்கள் என்று குறித்துக்கொண்டே போனால், கதையமைப்பு, பாத்திரம், கரு மூன்றும் ஒரே நேரத்தில் பிடிபடும். மூன்றுக்கும் தனித்தனித் தலைப்பில் கட்டுரை எழுதத் தேவையில்லை.

கதையை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம். கான்சாஸ் மாநிலத்தில் ஒரு சின்னப் பண்ணை. தாய் தகப்பன் இல்லாத டோரதி அங்கே ஹென்றி மாமாவிடமும் எம் அத்தையிடமும் வளர்கிறாள். சூறாவளி வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஆஸ் நாட்டில் இறக்குகிறது. இறங்கிய இடத்தில் கிழக்குச் சூனியக்காரி நசுங்கிச் சாகிறாள். அவளுடைய வெள்ளிக் காலணிகள் டோரதிக்கு வந்து சேர்கின்றன. ஊருக்குத் திரும்ப வழி கேட்டால், மரகத நகரத்து மந்திரவாதியைப் போய்ப் பார் என்கிறார்கள். மஞ்சள் செங்கல் பாதையில் போகும்போது அந்த மூவரும் கூடச் சேர்ந்துகொள்கிறார்கள். மந்திரவாதியோ, மேற்குச் சூனியக்காரியைக் கொன்றுவிட்டு வந்தால்தான் வரம் என்கிறார். அதையும் முடித்துக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், அவருக்கு மந்திரமே தெரியாது. ஒமாஹா ஊர்க்காரர், சர்க்கஸில் பலூன் ஏறிப் பிழைத்தவர், காற்று திசை மாறி இங்கே வந்து விழுந்தவர்.

சாம்பல் பிடித்த முதல் அத்தியாயம்

முதல் அத்தியாயத்தில் கான்சாஸ் முழுக்கச் சாம்பல் நிறம். உழுத நிலம் வெயிலில் காய்ந்து சாம்பல். புல் நுனி கருகிச் சாம்பல். வீட்டுக்கு அடித்த வர்ணம் வெந்து உரிந்து சாம்பல். எம் அத்தையின் கண்ணும் கன்னமும்கூட அந்த நிறத்துக்குப் போய்விட்டன. ஹென்றி மாமா தாடியிலிருந்து பூட்ஸ் வரை அதே நிறம். டோரதி மட்டும் அப்படி ஆகாமல் இருப்பதற்கு அவளுடைய கறுப்பு நாய்க்குட்டி டோட்டோ காரணம்.

இதைப் பாம் கற்பனையில் பிடிக்கவில்லை. 1888 முதல் 1891 வரை அவர் டகோட்டா சமவெளியில் உள்ள அபர்டீன் நகரத்தில் இருந்தார். அங்கே ஒரு பொம்மைக் கடையும் சில்லறைச் சாமான் வியாபாரமும் நடத்தினார், அது நொடித்தது. பிறகு ஒரு வாரப் பத்திரிகை, அதுவும் நிலைக்கவில்லை. மழை பொய்த்து, விவசாயிகள் கடனில் மூழ்கிய காலம் அது. நாவலில் வரும் கான்சாஸின் வறட்சி, அவர் கண்ணால் பார்த்த டகோட்டாவின் வறட்சி.

அங்கிருந்து ஆஸ் நாட்டுக்குள் நுழைந்ததும் பக்கத்துக்குப் பக்கம் வண்ணம். கிழக்கே மஞ்ச்கின்கள் நாடு நீலம். மேற்கே விங்கிகள் நாடு மஞ்சள். தெற்கே குவாட்லிங்குகள் நாடு சிவப்பு. நடுவில் பச்சை. முதல் பதிப்புக்குப் படம் வரைந்த டபிள்யூ. டபிள்யூ. டென்ஸ்லோ, கதை எந்த நாட்டில் நடக்கிறதோ அதற்கேற்பப் படங்களின் நிறத்தையும் மாற்றிக்கொண்டே போனார். குழந்தைகள் புத்தகத்தில் அவ்வளவு வண்ணம் அன்றைக்குப் பெரிய விஷயம். 1939இல் வந்த ஹாலிவுட் படம் கான்சாஸைப் பழுப்பாகவும் ஆஸை வண்ணத்திலும் காட்டியபோது எல்லோரும் வியந்தார்கள். அதற்கான வித்து நாவலின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது.

யார் என்ன செய்தார்கள்?

சோளக்கொல்லைப் பொம்மையிலிருந்து தொடங்கலாம். டோரதியைச் சந்திக்கும்போது அவன் செய்யப்பட்டு இரண்டு நாள்தான் ஆகிறது. அதுவரை கழியில் குத்தி நிறுத்தப்பட்டிருந்தவன். நடக்கத் தொடங்கியதும் பாதையில் இருக்கும் பள்ளத்தைச் சுற்றிப் போகத் தெரியாமல் நேராகப் போய் விழுகிறான். மூளை இல்லாததால்தான் இப்படி என்று அவனே சொல்கிறான், வாசகரும் நம்பிவிடுகிறார்.

இனி கணக்கெடுங்கள். முதல் பெரும்பள்ளத்தை எப்படித் தாண்டுவது? ஒவ்வொருவராகச் சிங்கத்தின் முதுகில் ஏறிக்கொள்ளலாம் என்று வழி கண்டவன் பொம்மை. தாண்ட முடியாத இரண்டாவது பள்ளத்துக்கு, மரத்தை வெட்டிப் பாலமாகச் சாய்க்கலாம் என்றவன் பொம்மை. கரடி உடம்பும் புலித் தலையுமாகக் கலிடாக்கள் துரத்திவந்து அந்தப் பாலத்தில் ஏறியபோது, இந்தப் பக்க முனையை வெட்டிவிடு என்று மரவெட்டியிடம் சொன்னவனும் அவன்தான். ஆற்றைக் கடக்கக் கட்டுமரம் கட்டலாம் என்ற யோசனையும் அவனுடையது. அபினிப் பூக்களின் வாடையில் மயங்கிக் கிடந்த சிங்கத்தை, வண்டி செய்து ஆயிரக்கணக்கான எலிகளைக் கட்டி இழுக்கலாம் என்றவனும் அவனே. நடைமுறைக்கு உதவிய யோசனைகள் ஏறக்குறைய எல்லாமே, மூளை வேண்டும் என்று கேட்டு நடந்துகொண்டிருந்தவனிடமிருந்துதான் வந்தன.

தகர மரவெட்டியின் முன்கதை கொடூரமானது. அவன் ஒரு மஞ்ச்கின் பெண்ணை விரும்பினான். கல்யாணத்தைத் தடுக்கக் கிழக்குச் சூனியக்காரி அவன் கோடாரிக்கே சூனியம் வைத்தாள். கோடாரி வழுக்கி வழுக்கிக் காலும் கையும் தலையும் போயின. போன இடத்திலெல்லாம் தகரத்தில் மாற்று வைத்தார்கள். கடைசியில் உடம்பே பிளந்தது, அதோடு இதயமும் போயிற்று. இந்தக் கதையை அவன் சலனமே இல்லாமல் சொல்கிறான். ஆனால் பாதையில் போகும்போது ஒரு வண்டை மிதித்துவிட்டதற்காக அழுகிறான். கண்ணீர் வழிந்து தாடையில் துரு ஏறி வாய் பூட்டிக்கொள்கிறது. பொம்மை எண்ணெய்க் குப்பியை எடுத்து எண்ணெய் விட்ட பிறகுதான் பேச்சு வருகிறது. இதயம் உள்ளவர்களுக்கு அது வழிகாட்டும், தனக்கு அது இல்லாததால் தான் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து குனிந்து பார்த்து நடக்கிறான்.

இதை வகுப்பில் வெறும் வேடிக்கைக் காட்சியாகக் கடந்துவிடக் கூடாது. அதே மரவெட்டிதான் பிற்பாடு மேற்குச் சூனியக்காரி ஏவிய 40 ஓநாய்களையும் ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்க்கிறான். அப்போது ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் பிள்ளைகளிடமிருந்து நல்ல விவாதம் கிடைக்கும்: இரக்கம் என்பது எல்லோரிடமும் ஒரே அளவில் காட்டுவதா? தன் பொறுப்பில் இருப்பவர்களைக் காக்கும் நேரத்தில் அதற்கு வேறு முகம் உண்டா?

சிங்கம் சொல்வது இன்னும் நேர்மையானது. ஆபத்து வந்தால் நெஞ்சு படபடக்கிறது, ஆகவே தான் கோழை என்கிறது. பள்ளத்தின் விளிம்பில் நின்று, விழுந்துவிடுவோமோ என்று பயமாகத்தான் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறது. சொல்லிவிட்டுத் தாண்டவும் செய்கிறது, ஒவ்வொருவரையும் சுமந்துகொண்டு திரும்பத் திரும்ப. கலிடாக்கள் வந்தபோதும், செத்தோம் என்று நினைத்துக்கொண்டே மற்றவர்களைத் தன் பின்னால் நிற்கச் சொல்லி எதிர்த்து நிற்கிறது.

இந்த மூவரின் சோகத்துக்கு நடுவில் டோரதி என்ன செய்கிறாள் என்பதையும் பார்க்க வேண்டும். மூளை பெரிதா, இதயம் பெரிதா என்று பொம்மையும் மரவெட்டியும் வாதம் செய்கிறார்கள். யார் சொல்வது சரி என்று டோரதிக்குப் புரியவில்லை. அவளுடைய கவலை கூடையில் இருக்கும் ரொட்டி. இன்னும் ஒரு வேளை சாப்பிட்டால் தீர்ந்துவிடும். வைக்கோலுக்கும் தகரத்துக்கும் பசி கிடையாது. அவளுக்கும் டோட்டோவுக்கும் உண்டு. டோரதி என்ற பாத்திரத்தைப் புரிந்துகொள்ள நீளமான வர்ணனையை விட அந்த ரொட்டித் துண்டு அதிகம் உதவும்.

வெள்ளையாகிப்போன ரிப்பன்

பாம் கதையை எவ்வளவு திட்டமிட்டுக் கட்டினார் என்பதற்கு ஒரே ஒரு ரிப்பன் போதும்.

மரகத நகரத்துக்குள் நுழையும் முன் வாயிற்காவலர் எல்லோருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டி, பின்னால் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் கழுத்துச் சங்கிலியில் வைத்துக்கொள்கிறார். நகரத்தின் ஒளியில் கண் கெட்டுவிடும் என்று காரணம் சொல்லப்படுகிறது. நாய்க்குட்டிக்கும் கண்ணாடி. உள்ளே எல்லாமே பச்சை. டோரதிக்கு அரண்மனையில் கொடுத்த பட்டுச் சட்டை பச்சை, டோட்டோவின் கழுத்தில் கட்டிய ரிப்பன் பச்சை.

12ஆம் அத்தியாயத்தில் அவர்கள் சூனியக்காரியைத் தேடிக் கிளம்புகிறார்கள். வாயிலில் கண்ணாடியைக் கழற்றுகிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் டோரதி பார்க்கிறாள்: சட்டை வெள்ளையாக இருக்கிறது, ரிப்பனும் வெள்ளை. அவள் ஆச்சரியப்படுகிறாள், அவ்வளவுதான். பாம் விளக்கம் எதுவும் தராமல் கதையை நகர்த்திவிடுகிறார். மூன்று அத்தியாயம் கழித்து, திரைக்குப் பின்னால் பிடிபட்ட மந்திரவாதி தானாகவே ஒப்புக்கொள்கிறார்: இந்த ஊர் மற்ற ஊர்களை விட அதிகப் பச்சை ஒன்றுமில்லை, எல்லாம் கண்ணாடியின் வேலை.

துப்பு 12இல், உண்மை 15இல். இடையில் வாசகரின் கவனத்தைத் திருப்ப ஓநாய்களும் காக்கைகளும் சிறகுக் குரங்குகளும் வந்துபோகின்றன. கதையமைப்பு என்றால் சம்பவங்களின் வரிசை என்று நினைக்கும் மாணவருக்கு இந்த இரண்டு பக்கங்களையும் எடுத்துக் காட்டினால் போதும். ஆசிரியர் எதை எப்போது சொல்கிறார், எதை எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறார் என்பதுதான் கதையமைப்பு என்று விளங்கிவிடும்.

மந்திரவாதி நால்வருக்கும் நான்கு உருவத்தில் காட்சி தந்ததும் இப்படித்தான். டோரதிக்குப் பிரம்மாண்டமான தலை. பொம்மைக்கு அழகான பெண். மரவெட்டிக்குக் கோரமான மிருகம். சிங்கத்துக்கு நெருப்புப் பந்து. அவர்கள் வெளியே வந்து ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொள்ளவும் செய்கிறார்கள். மந்திரவாதி நினைத்த உருவம் எடுப்பார் என்று முன்பே கேட்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கண்ணாடியை வாயிற்காவலர் பூட்டினார். இந்த நம்பிக்கையை அவர்களே பூட்டிக்கொண்டார்கள்.

மந்திரவாதி போன பிறகு

நாவலில் மொத்தம் 24 அத்தியாயங்கள். 17இல் மந்திரவாதி பலூனில் ஏறிப் போய்விடுகிறார். டோட்டோ ஒரு பூனைக்குட்டியைத் துரத்த, அதைப் பிடிக்கப் போன டோரதி பலூனைத் தவறவிடுகிறாள். மீதி ஏழு அத்தியாயங்களில் தெற்கு நோக்கிய பயணம். அடிக்கும் மரங்கள், பீங்கான் மனிதர்களின் ஊர், ராட்சதச் சிலந்தி, கழுத்தை நீட்டித் தலையால் முட்டும் குள்ளர்கள் எல்லாம் வருகின்றன. 1939 படம் இந்தப் பயணத்தையே வெட்டிவிட்டது. கதை இழுக்கிறது என்று விமர்சகர்கள் சொல்வதும் இந்தப் பகுதியைத்தான்.

ஆனால் நாவலின் கருவுக்கான நிரூபணம் இந்த ஏழு அத்தியாயங்களில்தான் இருக்கிறது. ஏனென்றால் இதற்குள் மூவரும் கேட்டதை வாங்கிவிட்டார்கள். பொம்மையின் தலையில் தவிடும் குண்டூசியும் கலந்து அடைத்தாயிற்று. மரவெட்டியின் நெஞ்சில் பட்டுத்துணி இதயம் வைத்தாயிற்று. சிங்கம் பச்சைக் குப்பியிலிருந்து எதையோ குடித்தாயிற்று. உங்களுக்கு இவையெல்லாம் தேவையே இல்லை என்று மந்திரவாதி பொம்மையிடமும் சிங்கத்திடமும் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். பிறந்த குழந்தைக்கு மூளை இருக்கிறது, அனுபவம் இல்லை. பயம் வந்தாலும் எதிர்கொள்வதுதான் தைரியம் என்றார். அவர்கள் கேட்கவில்லை, பொருளாகக் கொடு என்று நின்றார்கள். சரி, பொருள் கைக்கு வந்த பிறகு என்ன மாறியது?

மூளை கிடைத்த பொம்மை, டோரதியை எப்படி ஊருக்கு அனுப்புவது என்று ஊசிகள் வெளியே துருத்தும் அளவுக்கு யோசிக்கிறான். சிறகுக் குரங்குகளைக் கூப்பிடலாம் என்கிறான். குரங்குகள் வந்து, ஆஸ் நாட்டை விட்டு வெளியே போக முடியாது என்று சொல்லித் திரும்பிவிடுகின்றன. குரங்குகளை ஏவும் பொன் குல்லாய்க்கு உரியவர் அவற்றை மூன்று முறைதான் கூப்பிடலாம். அதில் ஒன்று வீண். தெற்கே பீங்கான் மதிலுக்கு ஏணி செய்து தந்தவன் மரவெட்டி. முட்டும் குள்ளர்களைத் தாண்டக் குரங்குகளைக் கூப்பிடு என்று சரியான நேரத்தில் சொன்னவனும் மரவெட்டி. தவிடு வைக்கும் முன் வந்த யோசனைகள்தான் பளிச்சென்று இருந்தன.

பட்டு இதயம் கிடைத்த மரவெட்டி, மந்திரவாதி போய்விட்டாரே என்று அழுகிறான். வண்டுக்காக அழுத அதே அழுகை. துரு ஏறாமல் கண்ணீரைத் துடைத்துவிடும்படி டோரதியிடம் முன்கூட்டியே சொல்லிக்கொள்கிறான், அது ஒன்றுதான் புதிது. தைரியம் குடித்த சிங்கமோ காட்டு மிருகங்களைக் காப்பாற்ற ராட்சதச் சிலந்தியைக் கொல்கிறது. தூங்கிக்கொண்டிருந்த சிலந்தியை ஒரே அடியில். அதற்காக அதை ராஜாவாக்குகிறார்கள். நடுங்கிக்கொண்டே பள்ளத்தைத் தாண்டிய சிங்கத்தையும் இந்தச் சிங்கத்தையும் ஒப்பிட்டு, எதற்கு அதிகத் தைரியம் வேண்டியிருந்தது என்று ஒரு பத்து வயதுப் பிள்ளையைக் கேளுங்கள். உடனே பதில் வரும்.

வெள்ளி, தங்கம், விவசாயி

1964இல் ஹென்றி லிட்டில்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர் ‘அமெரிக்கன் குவார்ட்டர்லி’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இந்த நாவல் 1890களின் அமெரிக்க அரசியலைக் குறிக்கும் உருவகம் என்றார். அந்தக் காலத்தில் விவசாயிகள் வெள்ளி நாணயம் வேண்டும் என்று போராடினார்கள்; வங்கிகள் தங்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. அப்படிப் பார்த்தால் மஞ்சள் செங்கல் பாதை தங்கம், டோரதியின் காலணி வெள்ளி, பொம்மை விவசாயி, மரவெட்டி ஆலைத் தொழிலாளி, கர்ஜிக்கும் கோழைச் சிங்கம் 1896 தேர்தலில் தோற்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன்.

கச்சிதமாகப் பொருந்துவதால் இது பாடப்புத்தகங்கள் வரை போய்விட்டது. பாம் அப்படி நினைத்து எழுதினார் என்பதற்குச் சான்று இல்லை. லிட்டில்ஃபீல்டே இதை வகுப்பில் அரசியல் வரலாறு நடத்த உதவியாகத்தான் உருவாக்கினார். பாம் அந்த விவசாயிகள் இயக்கத்தின் ஆதரவாளர் என்று கொள்ள ஆதாரமில்லை என்று 1992இல் பகிரங்கமாக எழுதவும் செய்தார். கரு தேடும் மாணவருக்கு இது நல்ல பாடம். ஒரு விளக்கம் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்பதோடு நிறுத்தாமல், நூலுக்குள் அதற்கு என்ன தடயம் என்றும் கேட்க வேண்டும். அதே சமயம், கடனும் வறட்சியும் நிறைந்த அந்தக் காலத்தின் காற்று இந்த நாவலில் வீசவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் அத்தியாயத்தின் சாம்பல் நிறமே சாட்சி.

எழுதியவரிடமும் அதே அளவுகோல்

பாம் தன் முன்னுரையில், பழைய தேவதைக் கதைகளில் வரும் பயங்கரமும் நெஞ்சுவலியும் இல்லாத நவீனக் கதை இது என்று உறுதி தருகிறார். உள்ளே வெட்டுப்பட்ட ஓநாய்களும் கழுத்து முறிந்த 40 காக்கைகளும் கிடக்கின்றன. சொல்லும் செயலும் வேறுபடும் இடம் முன்னுரையிலிருந்தே தொடங்குகிறது.

இதைவிடக் கனமான இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அபர்டீன் பத்திரிகையில் 1890 இறுதியிலும் 1891 தொடக்கத்திலும், பூர்வகுடித் தலைவர் சிட்டிங் புல் கொல்லப்பட்டதையும் வூண்டட் நீ என்ற இடத்தில் பூர்வகுடிகள் படுகொலை செய்யப்பட்டதையும் ஒட்டி எழுதிய தலையங்கங்களில், மிச்சமிருக்கும் பூர்வகுடி மக்களையும் அழித்துவிட வேண்டும் என்று பாம் எழுதினார். வண்டுக்காக அழும் பாத்திரத்தைப் படைத்த அதே கை எழுதியது அது. அவருடைய மாமியார் மட்டில்டா ஜோஸ்லின் கேஜ் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய முன்னோடி. பூர்வகுடிகளுக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் கண்டித்து எழுதியவர். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு குரல். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பாத்திரங்களைச் செயலை வைத்து எடைபோடக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஆசிரியருக்கு மட்டும் விலக்குத் தர முடியாது.

டோரதி எதற்காகத் திரும்பினாள்?

மேற்குச் சூனியக்காரியை டோரதி கொன்றது வீரத்தால் இல்லை. சூனியக்காரி அவளைத் தடுக்கி விழவைத்து ஒரு காலணியைப் பறித்துக்கொள்கிறாள். தன் பொருளைப் பிடுங்கிக்கொண்ட கோபத்தில் பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றுகிறாள் டோரதி. கிழவி கரைந்துபோகிறாள். டோரதி முதலில் மன்னிப்புக் கேட்கிறாள், பிறகு தரையைக் கழுவி விடுகிறாள், காலணியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறாள். பண்ணை வீட்டில் வளர்ந்த பிள்ளை அப்படித்தான் செய்யும்.

அந்தக் காலணிகளுக்கு எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் சக்தி உண்டு என்று தெற்கின் நல்ல சூனியக்காரி கிளிண்டா 23ஆம் அத்தியாயத்தில் சொல்கிறாள். வந்த முதல் நாளே வீட்டுக்குப் போயிருக்கலாம். இதைக் கேட்டு வருத்தம் வரவேண்டிய இடத்தில், அப்படியானால் தாங்கள் மூவரும் இருந்த இடத்திலேயே கிடந்திருப்போம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். டோரதியும் அதில் மகிழ்கிறாள். பிறகு மூன்றே எட்டு, கான்சாஸ். கடைசி அத்தியாயம் சில வரிகள்தான். ஹென்றி மாமா புது வீடு கட்டியிருக்கிறார். எம் அத்தை முட்டைக்கோசுக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வருகிறாள். படத்தில் எல்லாம் கனவாகிவிட்டது. நாவலில் கனவு இல்லை; போனது நிஜம், வந்ததும் நிஜம். சாம்பல் நிறம் என்று தெரிந்தேதான் அவள் திரும்புகிறாள், அந்த இருவருக்காக.

அந்தத் தேர்வு சரிதானா என்ற கேள்வி பாமையும் விடவில்லை போலும். அவர் எழுதிய 14 ஆஸ் நாவல்களில் ஆறாவதான ‘ஆஸின் மரகத நகரம்’ 1910இல் வந்தது. சூறாவளியில் போன வீட்டுக்குப் பதிலாகப் புது வீடு கட்ட ஹென்றி மாமா பண்ணையை அடமானம் வைத்திருந்தார் என்று அதில் தெரிகிறது. கடனை அடைக்க முடியவில்லை, பண்ணை கைவிட்டுப் போகும் நிலை. இந்த முறை டோரதி அவர்களுக்காகத் திரும்பி வரவில்லை. மாமாவையும் அத்தையையும் தன்னோடு ஆஸ் நாட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். முதல் நாவலை முடித்த பிள்ளைகளுக்கு அடுத்துக் கொடுக்க வேண்டிய புத்தகம் இதுதான். இரண்டு முடிவுகளில் எதை ஏற்பது என்று அவர்களே வாதாடட்டும்.